பிரிச்சவனே பூட்டோணும்

இப்படி வாங்க, இந்தப் பாலத்துக் கட்டை மேல உக்காருங்க. இங்க கொஞ்சம் நெழலு இருக்குது. வண்டி இப்பத்திக்குக் கெளம்பாதுங்க, நான் சொல்றனே. டீசல் லைன்ல காத்துப் பூந்திருக்குது. தர்மபுரி தாண்டினப்பவே சத்தத்துல கண்டுபுடிச்சுட்டேன். பக்கத்து சீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன், அவரு காதுல வயரை மாட்டிட்டு தூங்கறாரு. தொப்பூர் எறக்கத்துக்கு முந்தியே நின்னுச்சே, அது நம்ம நல்ல நேரமுங்க.

டிரைவருகிட்டப் போயிச் சொன்னனுங்க. ஏம்ப்பா, அந்த டீசல் பில்டருகிட்ட ஒரு போல்ட்டு இருக்கும், அதை அரைச் சுத்து லூசு பண்ணு, காத்துப் போனதும் இறுக்கிக்க, அவ்வளவுதானுன்னேன். சின்னப் பையன், முப்பது வயசு இருந்தா எச்சு. போனைக் காதுல வெச்சுட்டு, "பெரியவரே, வண்டிகிட்ட வராதீங்க, நெழல்ல போய் உக்காருங்க"ங்கறான். சரின்னு வந்துட்டேன். வண்டி அவனுது. நமக்கென்ன போச்சு.

நீங்க எதுவரைக்கும் போறீங்க? ஈரோடா. நான் கோயமுத்தூர் போயி அங்கிருந்து உடுமலை வண்டி புடிக்கோணும். பேரு ஆறுச்சாமிங்க. ஸ்பின்னிங் மில்லுல பிட்டரு. நாப்பது வருஷம். நூல் நூக்கற மிஷினு ஒவ்வொண்ணும் ஒரு தெரு நீளம் இருக்கும். ஆயிரம் கதிரு ஒட்டுக்கா சுத்தும். அதுல ஒரே ஒரு கதிருல பியரிங் போயிருந்தா, நான் வாசப்படியில காலை வெக்கறப்பவே சொல்லிப்போடுவேன். அளந்து பாக்க வேண்டியதில்ல. காதே போதும். மேனேஜரு வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு என்னைக் கூப்புட்டுக் காட்டுவாருங்க, ஏதோ கண்காட்சியில வெச்ச சாமான் மாதிரி.

யாரு கத்துக்குடுத்தாங்கன்னு கேக்கறீங்களா? ஒருத்தரும் இல்லீங்க. பதினொரு வயசு எனக்கு. தோட்டத்துக் கெணத்துல ஆயில் எஞ்சின் ஒண்ணு போட்டிருந்தோம். வெங்காயம் நட்டு ஒரு மாசம். எங்கப்பன் பழனிக்கு நடந்து போயிருந்தாரு. எஞ்சின் நின்னுபோச்சு. நான் என்ன பண்ணினேன், ஒரு சாக்கை விரிச்சு, எஞ்சினைப் பூராத்தையும் பிரிச்சு அதுல பரப்பிப்போட்டேன். எது எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல. எங்கப்பன் வந்தாரு. மொட்டைத்தலையோட நின்னு பாத்தாரு. எங்கம்மா அழுகறா, வெங்காயம் போச்சே போச்சேன்னு. எங்கப்பன் ஒரு பீடியைப் பத்த வெச்சுட்டு, "பிரிச்சவனே பூட்டோணும்"னாரு. அவ்வளவுதானுங்க. அவரும் எங்கம்மாளும் கொடத்துல தண்ணி மொண்டு மொண்டு வெங்காயத்துக்கு ஊத்தறாங்க, நான் சாக்கு மேல உக்காந்திருக்கறேன். ஒரு நாளு, ரெண்டு நாளு, மூணு நாளு.

பம்புக்கு அடியில வெக்கற பேக்கிங்கு கிழிஞ்சுபோச்சு. புதுசு வாங்கறதுன்னா உடுமலைக்குப் போகோணும். என்ற சரித்திர நோட்டு அட்டையை அளவா வெட்டி, எண்ணெயில ஊற வெச்சு, அதைப் போட்டேன். நாலாம் நாளு எஞ்சின் ஓடுச்சுங்க. பாதி வெங்காயம் காஞ்சு போச்சு. எங்கப்பன் எஞ்சினைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, குளிக்கப் போயிட்டாரு. அன்னிக்கு எனக்கு வந்த தொழிலுதானுங்க இது. இந்தக் கதையை நான் எம்பையனுக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். உங்கப்பன் எப்படி வந்தவன்னு அவனுக்குத் தெரியோணுமில்ல.

அதுலதானுங்க வெசனமே. ஒரே பையன், லோகநாதன். பெங்களூருல கம்ப்யூட்டருக் கம்பெனியில பெரிய வேலை. குத்தஞ் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கைவேலை சுத்தமா வராதுங்க. பல்பு மாட்டறதுக்கு ஆளு. கொழாயி சொட்டுனா ஆளு. சுவத்துல ஒரு ஆணி அடிக்கோணும்னா போன்ல பட்டனை அமுக்கி ஒரு ஆளு. இவ்வளவு பெரிய பிட்டருக்கு எப்படி இப்படி ஒரு பையன்னு மில்லுல எல்லாரும் கேப்பாங்க. நானும் யோசிச்சுப் பாத்துட்டேன். ரத்தத்துல இருக்கோணுமுங்க. ராஜாமணி வீட்டு ஆளுக எல்லாம் ஜவுளிக்கடை. அந்தப் பக்கம் போயிருக்கும்.

ராஜாமணி என்ற சம்சாரமுங்க. போன ஐப்பசியில தவறிட்டா.

சின்னதுல ஒருக்கா தொட்டுப் பாத்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். இருபத்தஞ்சு வருஷ சர்வீஸுக்கு மில்லுல எனக்கொரு டைம்பீஸ் குடுத்தாங்க. சாவி குடுக்கற டைம்பீஸுங்க, மேல மணி வெச்சது, பின்னால என்ற பேரு வெட்டியிருக்கும். இவனுக்கு ஒம்பது வயசு. நான் ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குள்ள நொழையறேன், பேப்பரை விரிச்சு அதைப் பிரிச்சுப் போட்டிருக்கறான். வரிசை வரிசையா வெச்சிருந்தான், அதையும் சொல்லோணும். சின்னது ஒரு வரிசை, பெருசு ஒரு வரிசை. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். மில்லுல குடுத்த சாமானுங்க. கையில ஸ்பேனர் இருந்துச்சு, அதாலயே வெரல்ல ஒரு தட்டு. மிஷின்ல கை வெக்காதேன்னு எத்தனை தடவைடா சொல்றதுன்னு ஒரே ஒரு தட்டுதான். எம்பையன் தங்கம்ங்க. அதோட சரி, அப்பறம் ஒரு ஸ்குரூ டிரைவரைக் கையில தொட்டதில்ல. ஒரே தடவையில புரிஞ்சுக்கிட்டான். சுண்டு வெரலு மட்டும் கொஞ்சம் வளைஞ்சிருக்கும், இப்பவும். கம்ப்யூட்டரு வேலைக்கு அது ஒண்ணும் இடைஞ்சல் இல்லீங்க.

நான் அன்னிக்கே அந்த டைம்பீஸைப் பூட்டி ஓட விட்டுட்டேன். அரை மணி நேரம். அவன் தூணுக்குப் பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்தான்.

ராஜாமணி போனதுக்கப்பறம் அவன் வந்து கூப்புட்டானுங்க. அப்பா, தனியா எதுக்கு இருக்கறீங்க, எங்ககூடவே வந்துருங்கன்னான். மருமகளும் போன்ல சொன்னா, வாங்க மாமான்னு. நான் வரலைன்னுதான் சொன்னேன். ஆனா வீட்டுல ஒண்ணும் ரிப்பேரு வர்றதில்லீங்க. எல்லாத்தையும் நான் சரி பண்ணி சரி பண்ணி வெச்சுப்போட்டேன். மிக்சி ஓடுது, மோட்டரு ஓடுது, கதவு கிறீச்சுங்கறதில்ல. காலையில எந்திரிச்சா கையைத் தொடை மேல வெச்சுட்டு உக்காந்திருக்கோணும். முன்னயெல்லாம் ராஜாமணி ஏதாச்சும் ஒடைச்சு வெப்பா. அதனாலதான் போனேன். பொட்டியோட போனேன். என்ற சாமான் பொட்டி, தகரப் பொட்டி. அதை ஒருத்தரும் தொடக்கூடாது, ராஜாமணியே தொட்டதில்ல. அந்த டைம்பீஸையும் வேட்டிக்குள்ள சுத்தி எடுத்துட்டுப் போனேன். அங்கயே இருந்துக்கலாம்னுதானுங்க போனது.

ஒம்பதாவது மாடி. வீடு நல்ல வீடு. ஆனா பூராமே லூசுங்க. கதவு கீலு லூசு, குக்கரு கைப்புடி லூசு, சேரு காலு லூசு, எல்லாம். இதுல எப்படி குடியிருக்கறாங்கன்னு எனக்கு ஆச்சரியமாப் போச்சு. மொத ஒரு வாரம் எனக்கு நல்ல வேலை. மில்லுல மிஷினு அதிருமுங்க. ஒரு நட்டு லேசா இருந்தா பொழுது போறதுக்குள்ள கழண்டு விழுந்து, ஆளு கையையே துண்டாக்கிப்போடும். அதனால பிட்டருன்னா கடைசியா ஒரு கால் சுத்து இறுக்குவான். அந்தக் கால் சுத்துதான் தொழிலு. நான் அந்த வீட்டுல எல்லாத்துக்கும் அந்தக் கால் சுத்தைக் குடுத்தேன். ஊறுகாய் பாட்டிலு, மாவு டப்பா, தண்ணி பில்டரு, எல்லாம்.

அப்பறம் பாத்தா, மருமக ஒவ்வொண்ணுக்கும் எங்கிட்ட வருவா. "மாமா, இந்த மூடியைக் கொஞ்சம் தொறந்து குடுங்க." காப்பித்தூளு டப்பா ஒருக்கா, உப்பு டப்பா ஒருக்கா. எனக்கு சந்தோசமா இருந்துச்சுங்க, பொய் சொல்லக்கூடாது. வீட்டுல நாம ஒரு ஆளா இருக்கறம்ல. பத்து நாளைக்கு அப்பறம் அவ ஒரு ரப்பர் துணி மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வந்தா, மூடியைப் புடிச்சுத் தொறக்கறதுக்கு. அதோட கூப்புடறதில்ல.

பேத்தி இருக்குதுங்க. மிதுலா, எட்டு வயசு. எங்க பக்கம் அப்பாருன்னு கூப்புடோணும். அது தாத்தாங்குது. போகட்டும், பெங்களூருல பொறந்தது. நாந்தான் காலையில அதுக்குத் தண்ணி பாட்டிலு நெரப்பி வெப்பேன். பள்ளிக்கூடப் பையில தண்ணி ஒழுகக்கூடாது பாருங்க, நல்லா இறுக்கி மூடுவேன். ஒரு நாளு சாயங்காலம் வந்துச்சு, ஒதடு வெடிச்சிருக்குது, மூஞ்சி செவந்திருக்குது. என்ன கண்ணுன்னேன். "தாத்தா, பாட்டிலை நீங்க மூடாதீங்க, எனக்குத் தொறக்க வரல"ன்னுச்சு. மூணு நாளா தொறக்க முடியாம, பக்கத்துப் புள்ளைககிட்ட ஒரு வாய் ரெண்டு வாய் வாங்கிக் குடிச்சிருக்குது. மூணு நாளுங்க. மொத நாளே சொன்னா என்ன? டீச்சருகிட்டக் கேட்டிருந்தா என்ன? "நீங்க வருத்தப்படுவீங்கன்னு"ன்னுச்சு. அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல.

மறுநாளுல இருந்து பாட்டிலை அதுவே நெரப்பிக்கிட்டுது.

அப்பறம் அந்தத் துணி தொவைக்கற மிஷினு. கொழாயிகிட்ட ஒரு சொட்டு தண்ணி, ஒரு நாளைக்கு ஒரு சொட்டுதான். நான் சும்மா இருக்க முடியுங்களா? ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். நட்டு பிளாஸ்டிக்குங்க. பிளாஸ்டிக்குல நட்டு செய்யறவனை என்ன சொல்றது, நீங்களே சொல்லுங்க. மூணாம் நாளு அது ரெண்டா வெடிச்சுப் போச்சு. வீட்டுல ஆரும் இல்ல. நான் கீழ வாச்மேன் ரூமுல உக்காந்து அவன் டார்ச்சை ரிப்பேரு பாத்துட்டிருந்தேன். தண்ணி ஹாலுக்கு வந்து, எட்டாவது மாடிக்காரங்க கூரையில எறங்கி, அவங்க சண்டைக்கு வந்து, பையன் ஆபீஸ்ல இருந்து ஓடி வந்து, ஒரே ரகளை.

கம்பெனி ஆளு வந்தான். நட்டைத் தூக்கிப் பாத்துட்டு, "யாரு சார் இதுல ஸ்பேனர் போட்டது? கையால திருகினாப் போதுமே"ன்னான். நான் பக்கத்துலதான் நிக்கறேன். எம்பையன் சொல்றான், "நாந்தான் போட்டேன். தெரியாம இறுக்கிட்டேன்." எப்படி இருக்குது பாருங்க. ஸ்பேனரை எந்தப் பக்கம் புடிக்கறதுன்னே தெரியாது, நாந்தான் இறுக்கினேங்கறான். தனக்கும் தெரியும்னு வெளியாளுகிட்டக் காட்டிக்கறான். ஆம்பளைக்கு அந்த ரோசம் இருக்கும்ங்க.

என்னங்க? ஆமாமா, அங்க பாருங்க, டிரைவரு கீழ எறங்கிட்டான். பானெட்டைக் கூடத் தொறக்கல பாருங்க. பேட்டரிப் பொட்டிகிட்ட நின்னுக்கிட்டு மணியைப் பாக்கறான். பேட்டரிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம். நான் போயி ஒருக்கா... இல்ல, வேண்டாம். உக்காந்திருக்கலாம்.

எங்க உட்டேன்? போன ஞாயித்துக்கெழமை. நான் குளிச்சுட்டு வர்றேன். ஹாலுல பேப்பரு விரிச்சிருக்குது. பேப்பரு மேல என்ற டைம்பீஸ், பூராமே பிரிஞ்சு. பேத்தி சம்மணம் போட்டு உக்காந்திருக்குது. வரிசை வரிசையா வெச்சிருக்குது, அப்படியே அவங்கப்பன் வெச்ச மாதிரி. அவங்கப்பன் எதுக்க உக்காந்திருக்கறான், ரெண்டு கையையும் மடியில வெச்சுட்டு. ஒண்ணையும் தொடல. பாத்துட்டு மட்டும் இருக்கறான். சிரிச்ச மூஞ்சி. அவன் மூஞ்சி அப்படி இருந்து நான் பாத்ததே இல்லீங்க, கல்யாணத்துல கூட.

"தாத்தா, இதுல எதுக்கு ரெண்டு ஸ்பிரிங்கு?"ன்னு கேக்குது அம்மிணி. ஒண்ணு ஓடறதுக்கு, ஒண்ணு மணி அடிக்கறதுக்குன்னு நான் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானுங்க. என்ற கை முந்திக்கிட்டுப் போயிருச்சு. பேப்பரோட சுருட்டி எடுத்தரலாம்னு குனியறேன், எம்பையன் நடுவுல கையை வெச்சுட்டான். "அப்பா, கை வெக்காதீங்க. அவதான் பிரிச்சா. பிரிச்சவளே பூட்டட்டும்."

எங்கப்பன் சொன்ன சொல்லுங்க அது. நான் சொல்லிக்குடுத்த கதையை எடுத்து என்ற மூஞ்சிக்கே காட்டறான்.

அது என்ற சாமான்டான்னேன். "தெரியும்ப்பா"ன்னான். அவன் கை அந்தப் பேப்பரு மேலயே இருந்துச்சு. அந்த வளைஞ்ச வெரலு இருக்குதுல்ல, அது மட்டும் கீழ படியாம தூக்கிட்டு நின்னுச்சு. பனிக் காலத்துல அது அவனுக்கு வலிக்குமாம், மருமக ஒரு நாளு சொன்னா. பெங்களூரு குளிரு அப்படி. புள்ள என்ற மூஞ்சியைப் பாக்குது, அவன் மூஞ்சியைப் பாக்குது. நான் ரூமுக்குள்ள போயிக் கட்டில்ல உக்காந்துட்டேன்.

இப்ப ஒண்ணு சொல்றேன், சிரிக்கக்கூடாது. நீங்க ஆரோ நான் ஆரோ, ஈரோட்டுல எறங்கிப் போயிருவீங்க. மத்தியானம் எல்லாரும் சாப்புடப் போனாங்க. பேப்பரு ஹாலுலயே கெடக்குது. நான் அந்தப் பக்கமாப் போனனுங்க. போறப்ப ஒரே ஒரு திருகாணியை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். இந்தா பாருங்க, இதுதான். கடுகளவு இருக்குதா? அந்த முன்னயும் பின்னயும் ஆடற சக்கரம் இருக்குதுல்ல, அதைப் புடிச்சுட்டு நிக்கற தகட்டுக்கு இது ஒண்ணுதான் திருகாணி. இது இல்லாட்டி அந்தச் சக்கரம் எடத்துல நிக்காது. எதை எடுக்கோணும்னு எனக்குத் தெரியாதுங்களா.

ஏன் எடுத்தேன்னா, அது வந்து கேக்கட்டும்னுதான். தாத்தா, எனக்கு வரல, நீங்க போட்டுக் குடுங்கன்னு ஒரு வார்த்தை. கேட்டா அரை மணி நேரத்துல பூட்டிக் குடுத்திருப்பேன். அது கேக்கல. சாயங்காலம் பூரா திருகாணியைத் தேடுச்சு. சோபாவுக்கு அடியில டார்ச்சு அடிச்சுப் பாக்குது, சீப்பைப் போட்டுத் தரையில வாருது. நானும் கூடக் குனிஞ்சு தேடினனுங்க. பையில இதை வெச்சுக்கிட்டு. பாவமாத்தான் இருந்துச்சு. திங்கக்கெழமை தேடுச்சு, செவ்வாக்கெழமை தேடுச்சு. அவங்கப்பனும் ஆபீஸ் போயி வந்து கூட உக்காந்து தேடறான், ஆனா கடையில குடுத்தரலாம்னு ஒருத்தரும் சொல்லல, தாத்தாகிட்டக் கேளுன்னும் சொல்லல. ரெண்டு தலையும் சேந்து குனிஞ்சு அதையே பாத்துட்டிருக்குது. நான் டீவியைப் போட்டுட்டு உக்காந்திருப்பேன்.

நேத்து சொல்லிட்டேன், ரேஷன் கார்டுக்கு கைரேகை வெக்கச் சொல்லி ஊருல இருந்து கூப்புட்டாங்க, போயிட்டு வர்றேன்னு. அது பொய்யும் இல்லீங்க, வெக்கோணும். ஆனா என்ற வெரலு அந்த மிஷின்ல விழாது. போன தடவையே அந்தக் கடைப் புள்ள பத்து வெரலையும் வெச்சுப் பாத்துட்டு, "ஐயா, உங்க கையில ரேகையே இல்லீங்களே"ன்னுச்சு. அரமும் எண்ணெயும் நாப்பது வருஷமாத் தேச்சது, எங்க இருக்கும்.

பையன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தான். பையைத் தூக்கி மேல வெச்சான். தண்ணி பாட்டிலு வாங்கிக் குடுத்தான், மூடியைத் திருகி லூசு பண்ணிக் குடுத்தான். எனக்குப் போயி. "பொட்டி இங்கயே இருக்கட்டும்ப்பா, எப்படியும் வருவீங்கல்ல"ன்னான். பாக்கலாம்டான்னேன். பொட்டி கனமுங்க, தூக்க முடியாதுன்னு கட்டிலுக்கடியில வெச்சுட்டு வந்திருக்கறேன். அதுக்காக வரணும்னு இல்ல. அவன் வண்டி கெளம்பற வரைக்கும் ஜன்னலுக்குக் கீழயே நின்னான். என்னமோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு.

ஆனா கூப்புடுவானுங்க. ரெண்டு நாளு பாப்பான், மூணு நாளு பாப்பான். அந்தச் சக்கரம் எடத்துல நிக்கவே நிக்காதே, என்ன பண்ணுவாங்க? அப்பா, வரமாட்டேங்குது, நீங்கதான் வந்து பூட்டோணும்னு அவனே கூப்புடுவான். போனு நல்லா சார்ஜுலதான் வெச்சிருக்கறேன். அப்ப நான் உடனே போகமாட்டேன். ஒரு வாரம் கழிச்சுப் போவேன்.

அடடா, கெளம்பிருச்சா? அது எப்படிங்க? அந்தப் பையன் பில்டரைத் தொடவே இல்லையே. என்னங்கறாரு கண்டக்டரு? மெயின் சுவிச்சை அணைச்சு, கால் மணி நேரம் உட்டுட்டுப் போட்டாங்களாம். அதுல சரியாப் போச்சாம். அணைச்சுப் போட்டா ரிப்பேரு போயிருமா? இதெல்லாம் ஒரு வைத்தியமுங்களா? சத்தம்... சத்தம் நல்லாத்தான் இருக்குது. ம்ம். காத்தெல்லாம் இல்ல போலிருக்குது.

இருங்க, இருங்க. என்ற போனுல என்னமோ டிங்குன்னுச்சு. கண்ணாடி பஸ்ஸுல பையில இருக்குது. நீங்க கொஞ்சம் பாருங்க சாமி. லோகுவா? பாத்தீங்களா, நான் சொன்னேன்ல. இன்னும் சேலமே வரல, அதுக்குள்ள. என்ன போட்டிருக்கறான்? படமா? ஓடற படமா? போடுங்க.

சித்த தள்ளிப் புடியுங்க. ஆமா, இதுதான் எங்க மிது. பள்ளிக்கூடத்துக்குப் போகலையா இன்னிக்கு? அது கையில என்ற சின்ன ஸ்குரூ டிரைவரு. பொட்டியைத் தொறந்திருக்கறாங்க. டைம்பீஸ்... கொஞ்சம் சத்தம் வெய்யுங்க.

இன்னும் கொஞ்சம்.

ஓடுதுங்க. கேக்குதா உங்களுக்கு? சக்கரம் ஆடுது. எப்படி ஆடும், திருகாணி எங்கிட்டல்ல இருக்குது. அந்தத் தகட்டைச் சுத்தி கறுப்பா என்னமோ கட்டியிருக்குது, என்னங்க அது? தலைக்குப் போடற ரப்பரா. தலைக்குப் போடற ரப்பரைக் கட்டி நிக்க வெச்சிருக்குதா. என்ன சொல்லுது அது? திருப்பிப் போடுங்க. "தாத்தா, ஒரு ஸ்குரூ கெடைக்கவே இல்ல, ஆனா நானே ஓட வெச்சுட்டேன்." எட்டு வயசுங்க. எட்டு வயசு. நான் நோட்டு அட்டையை வெட்டினப்பக்கூட எனக்குப் பதினொண்ணு.

அவங்கப்பன் சிரிக்கற சத்தம் கேக்குது பாருங்க, பின்னால.

இல்லீங்க, ஒண்ணுமில்ல. புழுதி. வாங்க போலாம், டிரைவரு ஹாரன் அடிக்கறான். அதுக்குப் பதிலு ஒண்ணு அனுப்போணுமே. எனக்குப் போன்ல எழுத வராது, நீங்க அமுக்குங்க. என்ன போடறது... நல்லா இருக்குதுன்னு போடுங்க. அப்பறம், ரப்பரை ரொம்ப இறுக்கிக் கட்டவேண்டாம் கண்ணு, சக்கரத்துக்கு ஆட எடம் வேணும்னு போடுங்க. தாத்தான்னு போடுங்க. போட்டாச்சா.

என்னங்க? திருகாணி எங்கிட்ட இருக்குதுன்னா? அதையும் சேத்துப் போடவா?

வேண்டாமுங்க. அதான் ஓடுதுங்களே.